வெளக்க ஓரமா தள்ளி வைங்கம்மா

கமலாட்சிக்குப் பேசாமல் பாட வராது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஆடி மாதம் கூழ் வார்க்கும் கோயில்களில் அம்மன் பாட்டு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பாட, புருஷன் பரசுராமன் பக்கத்தில் நின்று பம்பை அடிப்பான். ஓர் அடி பாடி முடித்து அடுத்த அடி எடுப்பதற்குள் பம்பை தனியாக ஒரு சுற்று போய்விட்டு வரும். அந்த இடைவெளியில் கமலாட்சி எதிரில் இருப்பவர்களிடம் ஏதாவது சொல்லிவிடுவாள். பின்னால் நிற்பவர்களை முன்னால் வந்து உட்காரச் சொல்வாள். கூழ் அண்டா நிறைய இருக்கிறது, அதற்குள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டாம் என்பாள். சும்மா உட்கார்ந்திருக்கும் யாராவது ஓர் ஆண் கண்ணில் பட்டால் போதும், "பச்ச சட்ட அண்ணே, கை தட்னா வளையல் ஒடஞ்சிடுமா?" என்று கேட்பாள். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடும்.

மற்ற மாதங்களில் அவளுக்குத் தறி வீடுகளில் வேலை. தறியில் நெடுக்கே ஓடும் நூலான பழைய பாவு தீர்ந்ததும், அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பகல் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டிய வேலை. கை அதைப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் எதிரில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். பேசியதால் ஓர் இழைகூடத் தப்பியதில்லை என்று பரசுராமன் பெருமையாகவே சொல்வான்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆடியில்தான் அந்தப் பேச்சு அவளுக்கு வேறு விதமாகிப் போனது.

அன்று அவர்கள் தெருக் கோயிலிலேயே கூழ். அம்மனை அழைக்கும் பெரிய பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம், நாலைந்து பெண்களுக்குச் சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கலாவதி. அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நைலக்ஸ் புடவை கட்டியிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, கண் செருகி, சுற்றிச் சுற்றி ஆடியவளின் முந்தானை சாமிக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்குப் பக்கம் போவதை மேடைமேல் நின்ற கமலாட்சிதான் முதலில் பார்த்தாள். பாட்டை விட்டுவிட்டு, "வெளக்கு! வெளக்கு!" என்று மைக்கில் கத்தினாள்.

பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்துகொண்டிருந்தன. கூட்டம் அதையும் பாட்டு என்றே நினைத்தது. முன்வரிசைப் பெண்கள், "வெளக்கு, வெளக்கு" என்று திருப்பிச் சொல்லிக் கைதட்டினார்கள்.

புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர், மைக் செட்காரர் கியாசுதீன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பெட்டிகளை மூட வைத்திருந்த முரட்டுத் துணியை உருவிக்கொண்டு ஓடினார். அதற்குள் புடவை பற்றிக்கொண்டுவிட்டது. கலாவதியைத் துணியில் அப்படியே சுருட்டித் தரையில் படுக்க வைத்துத் தீயை அணைத்தார். ஒரு கால் முழங்கால்வரை வெந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் இருந்தாள். ஆனால் பிழைத்தாள், அடுத்த வருஷம் பழையபடி நடந்தாள், பிற்பாடு திருப்பருத்திக்குன்றத்தில் தனிக்குடித்தனம் போய் ஒரு பெண் குழந்தையும் பெற்றாள். ஆஸ்பத்திரியில் கமலாட்சி பார்க்கப் போகும்போதெல்லாம், நீ என்ன செய்வாய் அக்கா என்று அவள்தான் இவளைத் தேற்றினாள்.

கமலாட்சிக்கு ஒன்றுதான் ஆறவில்லை. மைக் கையில் இருந்தது, ஊரே எதிரில் இருந்தது, கத்தியும் கூட்டத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவளும் பரசுராமனும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாட்டு உச்சத்துக்குப் போவதற்குச் சற்று முன்னால் அவள் இடது கையைத் தூக்குவாள். அவன் பம்பையைத் தாழ்த்திவிடுவான். எல்லாம் அடங்கின அந்த நேரத்தில் அவள் கத்தாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டியதைச் சொல்வாள். பிறகு பம்பை எழும்பும். அது இல்லாமல் அவள் எந்தக் கோயிலிலும் அந்தப் பாட்டைப் பாடியதில்லை.

கியாசுதீனுக்குக் காஞ்சிபுரம் ராஜ வீதியை ஒட்டின சந்தில் ஒரு கேசட் கடையும் உண்டு. தொண்ணூற்று எட்டில் அவர்தான், நீ பாடுவதைக் கேசட்டாகப் போடலாம் தங்கச்சி என்று ஆரம்பித்தார். ஆடிக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டால் கோயில் கோயிலாகப் போகும் என்றார். பரசுராமனுக்கு உடனே ஆசை வந்துவிட்டது. கமலாட்சிக்குப் பயம். இருந்தாலும் மூவரும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது ஒலிப்பதிவுக் கூடம். மெஷினைப் பார்த்துக்கொண்டவன் அந்தோணி என்ற இளைஞன், நல்ல பொறுமைசாலி. கமலாட்சியை ஒரு கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினான். எதிரில் கூட்டம் இல்லை, குழந்தைகள் அழவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. அவள் தன் குரலைத் தானே கேட்டு மிரண்டு போனாள். பாட்டு உயிரில்லாமல் வந்தது. முதல் பாட்டின் நடுவில் தாங்க முடியாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்னத்தில் கை வைத்திருந்த அந்தோணியைப் பார்த்து, "இன்னா தம்பி, தூங்கினுகிறியா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தோணி மெஷினை நிறுத்தினான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அக்கா, பாட்டு மட்டும் போதும்கா. நடுவுல யாரையும் கூப்டாதீங்க. அதுவும் பதிவாய்டும்."

அதற்குப் பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள். ஒவ்வொரு பாட்டாக முடிந்தது. கடைசியாக அந்தப் பெரிய பாட்டு. இதையாவது ஒழுங்காகப் பாட வேண்டுமென்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் கோயில் வந்துவிட்டது. வேப்பிலை வாசம், கூழ் அண்டா, முன்வரிசைப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். குரல் தானாக ஏறியது. உச்சம் நெருங்குகையில் அவளுடைய இடது கை தானாக மேலே போனது. அறையின் மூலையில் நின்ற பரசுராமன் பழக்கதோஷத்தில் பம்பையைத் தாழ்த்தினான். கமலாட்சி சொன்னாள்:

"தாயிங்களா, கொஞ்சம் கேளுங்க. வெளக்க ஓரமா தள்ளி வைங்கம்மா. பசங்கள தூக்கிக்குங்க. ஆடறவங்களுக்குப் பின்னால ஆளுக்கு ஒருத்தரா நில்லுங்க. ஆத்தா வரா, வரட்டும்."

பம்பை எழும்பியது. அவளும் பாடி முடித்தாள். கண்ணைத் திறந்து, கண்ணாடிக்கு அப்பால் அந்தோணி தலையில் கை வைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அந்தோணி டேப்பில் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தான். பேச்சை எடுத்தால் தாழ்ந்த பம்பையும் கூடவே போனது. பாட்டு நடு வழியில் பள்ளத்தில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. மறுபடி பாடலாம் என்றால், அடுத்த குழு வாசலில் வாத்தியங்களோடு காத்திருந்தது. இருக்கட்டும் விடு என்றார் கியாசுதீன். திரும்பி வருகிற பஸ்ஸில் பரசுராமன், கையைத் தூக்கினால் நான் என்ன செய்வேன் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தான்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் கேசட் வந்தது. காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் அவள் குரல்தான். கூடவே அந்தப் பேச்சும். டீக்கடை வாசலில் நிற்கும் பையன்கள் அவள் போகும்போதெல்லாம், வெளக்க ஓரமா தள்ளி வைங்கம்மா என்று அவள் குரலிலேயே சொன்னார்கள். தறி வீட்டில் அவள் நுழைந்தால், பசங்களைத் தூக்கிக்கொள்ளுங்கள், அக்கா வருகிறார் என்று சிரித்தார்கள். ஊரையே கேலி செய்து பாடினவள் என்பதால் இதையெல்லாம் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டாள். அவளைக் குத்தினது வேறு. ஒரு கோயில் விழாக்குழுவில் இருந்த பெரிய மனிதர், சாமி பாட்டுக்கு நடுவில் அடுப்பங்கரைப் பேச்சு பேசுகிறாள், பாட்டே கெட்டுப்போய்விட்டது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அது அவள் காதுக்கு வந்தது. அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் கியாசுதீனிடம் போய், அந்தப் பாட்டை மட்டும் பேச்சில்லாமல் மறுபடி பாடித் தந்துவிடுகிறேன் என்றாள். அவருக்கு அவ்வளவாக மனசில்லை. இருந்தாலும் கேசட் தீர்ந்துகொண்டிருந்தது, ஆடி நடுவில் இன்னொரு தடவை பிரதி எடுக்க வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மறுபடி கோடம்பாக்கம் போனார்கள். இந்தத் தடவை இடது கையில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே பாடினாள். பாட்டு சுத்தமாக வந்தது. அந்தோணிக்குச் சந்தோஷம். கமலாட்சியும் தலையில் இருந்த பாரம் இறங்கினதுபோல வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பரசுராமன் வேறொரு குழுவோடு பம்பை அடிக்கப் போய்விட, அவள் திருமுக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அன்று கூழ். சின்ன ஊர். பாட ஆள் கூப்பிடவில்லை, கேசட்தான் போட்டிருந்தார்கள். யார் கேசட் என்று சொல்ல வேண்டியதில்லை.

கமலாட்சி முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நின்றாள். தங்கை உறவுக்காரர்களோடு முன்னால் போய்விட்டாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தன்னை யாராவது அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போது அவளுடைய கவலை. பெரிய பாட்டு ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு பெண் தலையை ஆட்ட ஆரம்பித்தாள். பிறகு இன்னொருத்தி. மூன்றாவதாக ஓர் இளம்பெண் எழுந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அவள் ஆடிக்கொண்டே சாமியை நோக்கிப் போனாள். அங்கே அதே மாதிரி ஆள் உயரக் குத்துவிளக்கு, எண்ணெய் தளும்ப, எல்லா முகமும் ஏற்றியிருந்தது. அதன் காலடியில் இரண்டு குழந்தைகள் பொரி பொறுக்கிக்கொண்டிருந்தன.

கமலாட்சி கத்த வாயைத் திறந்தாள். கட்டின தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. முன்னால் ஓட நினைத்தாள். இடையில் ஊரே உட்கார்ந்திருந்தது.

அப்போது குழாயில் பம்பை தாழ்ந்தது. அவளுடைய குரல், நிதானமாக, தாயிங்களா, கொஞ்சம் கேளுங்க என்றது.

யாரும் பதறவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அந்த இடம் எப்போது வரும் என்று தெரிந்துவைத்திருந்தவர்கள்போல, மடித்துக் கட்டின வேட்டியோடு ஓர் ஆள் எழுந்து வந்து விளக்கைத் தண்டோடு பிடித்து ஓரமாக நகர்த்தினார். இரண்டு பெண்கள் கை நீட்டி ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் ஆளுக்கு ஒருத்தியாகப் போய் நின்றார்கள். பம்பை எழும்பியது. அந்த இளம்பெண் விளக்கு இருந்த இடத்துக்கே போய் இரண்டு சுற்று சுற்றினாள். பிறகு கால் மடங்கிப் பின்னால் சாய்ந்தாள். பின்னால் நின்றவள் இரண்டு கையாலும் தாங்கி, மெல்லக் கீழே உட்கார வைத்தாள்.

கமலாட்சி மரத்தைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. அதைப் பார்த்த பக்கத்தில் இருந்த பெண்கள், இந்த அம்மாவுக்கும் சாமி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவசரமாக வந்து அவளுக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி நெற்றியில் விபூதி இட்டு வாயில் தண்ணீர் ஊற்றினாள். என்ன வாக்கு சொல்லப் போகிறாளோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலாட்சி அந்தக் கைகளில் அப்படியே சாய்ந்து கிடந்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் புது டேப்பின் நினைவு வந்தது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். கூழைக்கூடக் குடிக்காமல், தங்கையிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்தாள்.

கடையில் கியாசுதீன் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவள் இப்படி வந்து நிற்பதைப் பார்த்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பாய், அந்தப் புது டேப்ப குடுத்துட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமையே பிரதி எடுக்க அனுப்பிச்சாச்சே தங்கச்சி. இன்னாத்துக்கு கேக்குற?"

"வேணாம் பாய். பழசே இருக்கட்டும்."

கட்டின தொண்டையோடு, நின்று நின்று, பார்த்ததைச் சொன்னாள். விளக்கு நகர்ந்ததையும், அந்தப் பெண் சாய்ந்ததையும், வயிற்றுப்பிள்ளைக்காரி என்பதையும் சொன்னாள். கியாசுதீன் அவள் முடித்ததும் போனை இழுத்து வைத்துக்கொண்டு சென்னைக்குப் போட்டார். எங்கேஜ்டு. மறுபடி போட்டார். மறுபடியும் எங்கேஜ்டு. ஆடி மாதம் என்றால் பிரதி எடுக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆள் இருப்பார்கள் என்றார். கமலாட்சி இப்போது உட்கார்ந்தாள். புடவை நுனியைப் பாவு இழைபோல முறுக்கிக்கொண்டே இருந்தாள். இந்நேரம் எடுத்து முடித்திருப்பார்கள், பெட்டி பெட்டியாகக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பேச்சில்லாத பாட்டு ஊர் ஊராகப் போய் விளக்குப் பக்கத்தில் முழங்குவது கண்முன்னால் வந்தது.

கடைசியில் அந்தப் பக்கம் மணி அடித்தது. கியாசுதீன் பேசினார், கேட்டார், சரி சரி என்றார். போனை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னும் கையே வெக்கல. நமக்கு முன்னால ஏகப்பட்ட ஆடி கேசட்டு நிக்குதாம். நாளிக்கி நானே போயி அத வாங்கினு, பழச போட சொல்லிட்டு வந்துடறேன்."

கமலாட்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கியாசுதீன் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து டீ வரவழைத்தார். தொண்டைக்கு இஞ்சி போட்டு வாங்கியிருந்தார். அவள் குடிக்கும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி நீ கத்தினது எனக்கு ஒருத்தனுக்குத்தாம்மா கேட்டுது."

அவள் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பரசுராமன் வந்திருந்தான். அவளுடைய முகத்தையும் நெற்றி நிறைய இருந்த விபூதியையும் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று பதறினான். எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சில்லாமல் அடித்த அன்றைக்கு, எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தனக்குப் புரியவில்லை என்று அவன் இப்போதுதான் ஒப்புக்கொண்டான். அவளுக்குப் பசி எடுத்தது. பழைய சோற்றில் மோரை ஊற்றி, ஊறுகாயோடு இரண்டு தட்டு சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

அடுத்த வருஷங்களில் கமலாட்சி இன்னும் சில கேசட்டுகளுக்குப் பாடினாள். அந்தோணி அவளுக்காகப் பேச்சுக்கென்று இடம் விட்டே பதிவு செய்தான். பாடுவதற்கு முன்னால், இந்தத் தடவை யாரை என்ன செய்யச் சொல்லப் போகிறீர்கள் அக்கா என்று கேட்டு வைத்துக்கொள்வான். அடுப்பங்கரைப் பேச்சு என்று சொன்ன அந்தப் பெரிய மனிதரும் ஒருநாள் வீடு தேடி வந்தார். கூழ் வாங்க வரிசையில் வரும்படியும் ஒரு வார்த்தை சேர்த்துப் பாட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். டீக்கடைப் பையன்கள் தங்கள் கேலியை விட்டுவிடவில்லை. பச்சைச் சட்டை போட்டவனாகப் பார்த்து அவளும் பதில் கொடுத்தாள்.

கேசட் போய் சி.டி. வந்த காலத்திலும் ஆடியில் அவள் நேரில் பாடுவது நிற்கவில்லை. மாதம் முழுக்க ஊர் ஊராகப் பாடியும் பேசியும் ஆவணி பிறக்கும்போது அவளுக்குக் குரல் சுத்தமாகப் போய்விடும். தறி வீட்டில் எதிரில் இருப்பவள் ஊர்க்கதை சொல்ல, இவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இழைகளைப் பிணைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் பரசுராமன் அந்தச் சில நாட்களை மிகவும் நிம்மதியாகக் கழிப்பான்.